இழப்போர்: யாருமில்லை

வியாழக்கிழமை என்றாலே எப்சிபாவுக்குக் காலையிலேயே தலைவலி தொடங்கிவிடும்.

சங்குமுனை நகராட்சியின் குடிநீர்க் கட்டடத்தில், தரைத்தளத்தில், பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை அவள் ஒரு பெரிய திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் வரலாம். ஊருக்குத் தண்ணீர் பங்கிடும் கணினி நிரலை வரிவரியாக ஓட்டிக் காட்டச் சொல்லலாம். என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். மக்களைப் பற்றி முடிவெடுக்கும் இயந்திரம் எதுவானாலும், அதன் நிரலை ஒரு மனிதர் நேருக்கு நேர் உட்கார்ந்து விளக்கியாக வேண்டும் என்று சட்டம் வந்து எட்டு வருடமாகிறது. சட்டம் போட்டவர்களில் ஒருவர்கூட ஒரு வியாழக்கிழமையாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

சங்குமுனைக்கு ஆற்றுத் தண்ணீர் நின்றுபோய் இருபது வருடம். கடல் நீரைச் சுத்திகரிக்கும் ஆலை ஒன்றுதான் கதி. அதுவும் மூன்று நாளில் இரண்டு நாள் ஊர் முழுவதற்கும் போதாது. அப்படிப்பட்ட நாள்களில், மொத்தம் இருக்கிற முப்பத்தெட்டுப் பகுதிகளில் மூன்று பகுதிகளுக்கு வால்வை அடைத்தாக வேண்டும். எந்த மூன்று என்று தினமும் விடியற்காலையில் முடிவு செய்வதுதான் எப்சிபாவின் நிரல்.

அது எழுதப்பட்ட மொழியின் பெயர் மடை. உலகத்தில் அதை எழுதத் தெரிந்தவர்கள் பத்தொன்பது பேர். உருவாக்கிய நால்வரில் எப்சிபா ஒருத்தி. மற்ற மூவரில் இருவர் வெளிநாட்டில் இருந்தார்கள், ஒருவர் கல்லறையில் இருந்தார். வேறெந்த நிரல் மொழியிலும் இல்லாத ஒரு பிடிவாதம் மடைக்கு உண்டு. ஒருவருக்கு ஏதோ ஒன்று கிடைக்காமல் போகும்படி ஒரு முடிவை எழுதினால், அதற்கு அடுத்த வரியில் ‘இழப்போர்’ என்று போட்டு, இழக்கிறவர் பெயரை எழுதியே தீர வேண்டும். எழுதாவிட்டால் நிரல் ஓடாது. எழுதிய பெயர்களை மொழியே நினைவில் வைத்துக்கொள்ளும். இதுவரை குறைவாக இழந்தவர் யாரோ, அவரையே அடுத்து இழக்கவைக்கும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம்.

அந்த ஒரு வரிக்காகத்தான் வெளியாள்கள் மொய்த்தார்கள். எங்கெங்கிருந்தோ வந்தார்கள்.

“மேடம், இது தமிழ்லயே இருக்கே. அப்ப மெஷினுக்குத் தமிழ் தெரியுமா?”

“தெரியாது. அதுக்கு எந்தப் பாஷையும் தெரியாது.”

“அப்புறம் எப்படிப் புரிஞ்சுக்குது?”

நிரல் ஓடத் தொடங்கிய இந்த ஆறு வருடத்தில் இதை அவள் ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பாள். பெங்களூரிலிருந்து வந்த ஒருவன் இரண்டு நிமிடம் திரையைப் பார்த்துவிட்டு, “இதை ஒரு மணி நேரத்துல வேற மொழிக்கு மாத்திக் குடுத்துருவேன். அந்த இழப்போர் வரி மட்டும் தேவையில்லாத சுமை” என்றான். ஒரு கல்லூரிப் பேராசிரியர் கூட்டம் அந்த வரிக்குப் பக்கத்தில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒரு கேள்விகூடக் கேட்காமல் போனது. ஒரு அம்மாள் தன் மகளின் பெயரை இழப்போர் பட்டியலில் போட்டுக் காட்ட முடியுமா என்று ஆசையாகக் கேட்டாள். எப்சிபா எல்லோருக்கும் பதில் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

இவர்களெல்லாம் ஒருமுறை வந்து போகிறவர்கள். வாராவாரம் வருகிறவர்கள் இரண்டு பேர். அவர்கள்தான் அவள் உயிரை எடுத்தார்கள்.

ஒன்று, முத்துப்பேச்சி. ஊருக்குத் தெற்கே உப்பளக்குடியிருப்பில் இருப்பவள். பாத்தியில் உப்பு வாரும் வேலை. ஐம்பது வயதிருக்கும். வந்ததும் கடைசி பெஞ்சில் உட்காருவாள். கூட்டம் கொஞ்சம் அடங்கியதும் எழுந்து நின்று ஒரே கேள்வியைக் கேட்பாள்.

“எங்க தெருவுக்கு ஏன் தண்ணி வரமாட்டேங்கு?”

முதல் வருடம் எப்சிபா பொறுமையாக விளக்கினாள். பிறகு விளக்குவதை நிறுத்திவிட்டு ஒரு தாளை அச்செடுத்துக் கையில் கொடுக்கத் தொடங்கினாள். அதில் நகராட்சிப் பட்டியலின்படி முப்பத்தெட்டுப் பகுதிகளும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எத்தனை நாள் தண்ணீர் இழந்தது என்ற எண் இருக்கும். எழுபத்தாறு, எழுபத்தேழு, எழுபத்தாறு என்று இறங்கிவரும் வரிசையில் உப்பளக்குடியிருப்புக்கு எதிரே மட்டும் பூஜ்யம்.

“பேச்சியக்கா, நீங்களே பாருங்க. ஊர்லயே ஒரு நாள்கூட அடைக்காத ஏரியா உங்க ஏரியாதான். மத்தவங்க வந்து சண்டை போடணும், நீங்க வந்து போடுதீங்க.”

“பேப்பர்ல முட்டை போட்ருக்கு. குழாய்லயும் முட்டைதான் வருது.”

“உங்க தெருக்குழாய்ல ஏதாச்சும் அடைப்பு இருக்கும். பராமரிப்புல மனு குடுங்க.”

“குடுத்தேன். அவிய ஒங்ககிட்ட கேக்கச் சொல்லுதாவ.”

“என்கிட்ட உள்ளது இந்தப் பேப்பர்தான். இது பொய் சொல்லாது.”

முத்துப்பேச்சி தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போவாள். அடுத்த வியாழன் வந்து, எதுவுமே நடக்காததுபோல, அதே கேள்வியை அதே சொற்களில் கேட்பாள். எப்சிபாவும் அதே தாளை நீட்டுவாள்.

இரண்டாவது ஆள் சங்கரநயினார். ஒரு நாளிதழில் இருபத்தாறு வருடம் மெய்ப்புத் திருத்தியவர். அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டதும் ஐம்பத்து நான்கு வயதில் வீட்டுக்கு வந்துவிட்டார். அச்சில் எதைப் பார்த்தாலும் கை சிவப்புப் பேனாவைத் தேடுகிற மனிதர். ஊரில் எல்லாரும் நிரலைப் பார்க்கப் போகிறார்களே என்று ஒரு நாள் எட்டிப் பார்த்தார். தமிழில் நாலாயிரம் வரி. திருத்தப்படாத நாலாயிரம் வரி. அவருக்கு வாழ்க்கை மறுபடி கிடைத்துவிட்டது.

“மேடம், நூத்திப் பதினேழாவது வரி. ‘தண்ணீர் பங்கீடு’ன்னு இருக்கு. ப் மிகணும்லா.”

“சார், இது பேப்பர் இல்ல. மெஷின் படிக்கது.”

“மெஷின் படிச்சாத் தப்பாப் படிக்கலாமா?”

“அதுக்கு ஒற்று மிகுதா மிகலையான்னு ஒண்ணும் கெடையாது. நான் ‘தண்ணீர்’னு எழுதாம ‘பூனை’ன்னு எழுதினாலும் ஓடும்.”

“அப்ப பூனைன்னாவது சரியா எழுதுங்க.”

நான்காவது வாரம் அவர் நான்கு தாள்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நாற்பத்து மூன்று பிழைகள். வரி எண், பிழை, திருத்தம், பக்கத்தில் இலக்கண விதி. எப்சிபா அவற்றை வாங்கி இழுப்பறையில் போட்டாள். அடுத்த வாரம் திருத்தியாயிற்றா என்று கேட்டார். அதற்கடுத்த வாரமும் கேட்டார். நிரலில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமென்றால் காரணம் எழுதி, சோதித்து, ஆணையரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அவள் சொன்னாள். “அதுக்கென்ன, காரணத்தை நான் எழுதித் தாறேன்” என்றார்.

பங்குனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் மின்விசிறி வேறு ஓடவில்லை. அறையில் முப்பது பேர். வெளியூர்க் காணொளிக்காரர்கள் இரண்டு பேர் எப்சிபாவின் முகத்துக்கு நேரே விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சங்கரநயினார் திரைக்கு முன்னால் வந்து நின்றார்.

“மேடம், மத்ததையெல்லாம் விடுங்க. ஊர்ப் பேரையாவது சரியா எழுதக் கூடாதா? ஆயிரத்து எழுநூத்தி மூணாவது வரி. ‘இழப்போர்: உப்பளகுடியிருப்பு.’ உப்பளம், குடியிருப்பு. ம் போயி க் வரணும். உப்பளக்குடியிருப்பு.”

“சார், நான் அதுல க் போட்டாலும் அந்த ஏரியாவுக்குத் தண்ணி போகும், போடாட்டாலும் போகும்.”

“எங்க போகுது?” என்றாள் கடைசி பெஞ்சிலிருந்து முத்துப்பேச்சி.

அறை சிரித்தது.  எப்சிபாவுக்கு ஆறு வருடத்து வியாழக்கிழமைகள் எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்துவிட்டன.

“சரி. ரெண்டு பேரும் இங்க வாங்க. வந்து கண்ணால பாத்துட்டுப் போயிருங்க. அதுக்கப்புறம் என்னை விட்டுருங்க. க் போட்டு ஒரு தடவை, போடாம ஒரு தடவை, ரெண்டையும் கேக்கேன். ரெண்டுக்கும் ஒரே பதில்தான் வரும்.”

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். உப்பளக்குடியிருப்பு, இழந்த நாள் எத்தனை என்று கேட்டாள். திரையில் 0 என்று வந்தது.

“பாத்தியளா?”

பிறகு க் இல்லாமல் அடித்தாள்.

1412.

காணொளிக்காரர்களின் விளக்கு மட்டும் லேசாக இரைந்தது. அவள் எங்கோ தவறாக அடித்துவிட்டதாக நினைத்து மறுபடி அடித்தாள். மறுபடியும் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

“அப்ப ரெண்டும் வேற வேற ஊரா, மேடம்?” சங்கரநயினார் குரலைத் தாழ்த்திக் கேட்டார். பிழை கண்டுபிடித்த மகிழ்ச்சி அவர் முகத்தில் இல்லை.

“மெஷினுக்கு வேற வேறதான்” என்றாள் எப்சிபா. சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே புரிந்துகொண்டு வந்தது. “காலையில யாரை அடைக்கன்னு பாக்கும்போது க் உள்ள பேரைப் பாக்குது. அது ஒரு நாளும் இழக்கலைன்னு இருக்கு. அதனால முதல்ல அதைப் பிடிச்சு அடைக்குது. அடைச்சுட்டு, இழப்போர்ல க் இல்லாத பேரை எழுதுது. மறுநா வந்து க் உள்ள பேரைப் பாத்தா, இன்னும் முட்டை. திரும்ப அதையே அடைக்குது.”

“தினமுமா?”

“தண்ணி பத்தாத நாளெல்லாம்.”

“தெரியாத பேரு வந்தா, இது யாருன்னு அது கேக்காதா?”

 மற்ற எந்த மொழியானாலும் கேட்டிருக்கும். ஆரம்பத்தில் மடையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஊரில் புதிது புதிதாகத் தெருக்கள் முளைத்த காலம் அது. ஒவ்வொரு புதுப் பெயருக்கும் நிரல் நின்றுபோகும். நின்றால் ஊர் முழுவதும் தண்ணீர் நிற்கும். அவள்தான் சலித்துப்போய் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து அதை மாற்றினாள்.

“புதுப் பேரு வந்தா நிக்காத, சேத்துக்கன்னு நான்தான் எழுதினேன்” என்றாள்.

முத்துப்பேச்சி இடுப்பிலிருந்து போன வாரத்துத் தாளை எடுத்தாள். பிரித்துப் பார்த்தாள். மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

எப்சிபா கருவிப் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

உப்பளக்குடியிருப்புக்கான வால்வு, தெரு தொடங்கும் இடத்தில் ஒரு சிமெண்டு மூடிக்குக் கீழே இருந்தது. ஒவ்வொரு வால்விலும் ஒரு சிறிய எண்காட்டி உண்டு. வால்வு எத்தனை முறை மூடிக்கொண்டது என்று அது தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும். வால்வு தேய்ந்துவிட்டதா என்று பார்க்க வைத்தது. கம்பியால் நெம்பி மூடியைத் தூக்க ஐந்து நிமிடம் ஆனது. உள்ளே குனிந்து கண்ணாடியில் படிந்திருந்த உப்புத் தூளைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

1412.

தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குடங்கள் நின்றன. பிளாஸ்டிக், அலுமினியம், பெயின்ட் வாளி, எண்ணெய் டின். எல்லாம் காலி. முத்துப்பேச்சியின் வீட்டு வாசலில் அவள் புருஷன் சுடலைமணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கால் கணுக்காலோடு முடிந்திருந்தது.

“வாங்க மேடம்” என்றார். “இவ ஒங்களப் பத்திச் சொல்லுவா.”

“கால்ல என்ன ஆச்சு?”

“பாத்தியில நிக்கிற காலுதான. வெடிக்கும், புண்ணு வரும். எல்லாத்துக்கும் உள்ளது. எனக்குச் சக்கரை வேற. தெனமும் ரெண்டு தடவ நல்ல தண்ணியில கழுவிக் காய வைங்கன்னாரு டாக்டரு. தெனமும் நல்ல தண்ணிக்கு எங்க போவ? போன ஐப்பசியில எடுத்துட்டாவ.” முட்டியைத் தடவினார். “தண்ணி வந்துருந்தாலும் போயிருக்குமோ என்னமோ. அத யாரு கண்டா.”

எப்சிபா நின்றுகொண்டே சொன்னாள். தப்பு தன்னுடையது என்றும், ஒரு எழுத்து விட்டுப்போயிற்று என்றும் சொன்னாள். எந்த எழுத்து என்று சுடலைமணி கேட்டார். க் என்றாள். அவர் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

 முத்துப்பேச்சி ஒரு காலிக் குடத்தைத் தள்ளிவைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

“எழுத்து விட்டுப்போறது மனுசருக்கு உள்ளதுதான் மேடம். அதுக்கு நான் கோவப்படல. எத்தன வியாழக்கெழம வந்தேன்? பாதி நாளு கூலிய விட்டுட்டு வந்தேன். பேப்பரு பொய் சொல்லாதுன்னு சொன்னியளே, அப்ப நான் பொய் சொல்லுதேன்னுதான நெனச்சிய? அந்த மூடியத் தொறக்க இப்ப எவ்வளவு நேரம் ஆச்சு?”

 

மறுநாள் வெள்ளிக்கிழமை ஆணையர் நசீமா பானு அவளை அறைக்கு வரச் சொன்னார். கெட்டவர் இல்லை. ஆலையில் பழுது வந்தால் தானே லாரியில் ஏறித் தெருத்தெருவாகத் தண்ணீர் கொண்டுபோகிறவர். ஆனால் காணொளி அதற்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. அவர் முன்னால் இருந்த மூன்று போன்களும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன.

“அந்த க்-ஐப் போட்டாச்சுன்னா எல்லாம் சரியாயிடுமா?”

“போட்டா ரெண்டும் ஒரே பேராயிரும் மேடம். உப்பளம் ஆயிரத்து நானூத்திப் பன்னண்டு நாள் இழந்துருக்குன்னு மெஷினுக்குத் தெரிஞ்சுரும். மத்தவங்க எழுபத்தாறுலதான் நிக்காங்க. அதனால மத்தவங்க எல்லாரும் அந்த எண்ணுக்கு வர்ற வரைக்கும் உப்பளத்தை அடைக்காது.”

“அது எத்தனை நாள்?”

“எழுபது வருசம் ஆகும்.”

ஆணையர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “எழுபது வருசம் ஒரு தெருவை அடைக்கவே கூடாதுன்னா மத்த முப்பத்தேழு ஏரியாவும் சும்மா இருக்குமா? எப்சிபா, நான் சொல்றதைக் கேளுங்க. பழைய கணக்கு மொத்தத்தையும் அழிச்சிடுங்க. எல்லாருக்கும் பூஜ்யம். இன்னிக்குப் புதுசா ஆரம்பிப்போம். அந்த ஜனங்களுக்கு ஒரு வாரம் லாரி விடறேன், நானே போய் மன்னிப்பும் கேக்கறேன்.”

“அழிக்க முடியாது மேடம். அழிக்கிறதும் ஒரு முடிவுதானே. அதுக்குக் கீழயும் இழப்போர்னு போட்டாகணும். போட்டாத்தான் ஓடும். உப்பளக்குடியிருப்புன்னு போடணும். அடுத்த வியாழக்கிழமை அதை ஊரே வந்து படிக்கும்.”

ஆணையர் சற்று யோசித்தார். “உங்க மெஷின் எந்தப் பேரைக் குடுத்தாலும் ஏத்துக்கும்னு சொன்னாங்களே?”

“ஆமா.”

“அப்போ ‘யாருமில்லை’ன்னு எழுதுங்க.”

எப்சிபா அவரையே பார்த்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாருமே பூஜ்யத்துக்கு வரும்போது யார் இழக்கறாங்க? யோசிச்சுப் பாத்தா அது பொய்கூட இல்ல. திங்கக்கிழமை காலையில புது நிரல் ஓடணும். நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

சனிக்கிழமை மதியம் கட்டடத்தில் யாருமில்லை. எப்சிபா ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து முதலில் ஆணையர் சொன்னபடியே எழுதினாள். பழைய இழப்புகளை அழி. இழப்போர்: யாருமில்லை. கணக்கின் நகல் ஒன்றில் ஓட்டிப் பார்த்தாள்.

ஓடியது. ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. யாருமில்லை என்பதை இன்னொரு புதுப் பகுதியாகச் சேர்த்துக்கொண்டு, அதற்கு எதிரே ஒன்று என்று இழப்பு எழுதிக்கொண்டது.

அவளுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஆணையர்மேல் இல்லை. பெங்களூர்க்காரன்மேலோ படம் எடுத்தவர்கள்மேலோ சங்கரநயினார்மேலோ இல்லை. உலகத்திலேயே நேர்மையான மொழி என்று பத்து வருடமாக மேடை மேடையாகப் பேசியிருக்கிறாள். அதன் வாயில் என்ன பெயரைத் திணித்தாலும் விழுங்கிவிடுகிற மாதிரி ஆக்கிவைத்ததும் அவள்தான். அதுவும் எதற்காக? தொந்தரவு இல்லாமல் இருக்க. யாரும் நிறுத்திக் கேள்வி கேட்காமல் இருக்க.

எழுதிய இரண்டு வரிகளையும் அழித்தாள். பிறகு தான் எழுதிய அந்தப் பழைய விதியைத் தேடிப் பிடித்து நீக்கினாள். இனித் தெரியாத பெயர் வந்தால் மடை நிற்கும், இது யார் என்று கேட்கும். ஓட்டினாள்.

ஆயிரத்து எழுநூற்று மூன்றாவது வரியில் நின்றது. ‘உப்பளகுடியிருப்பு: இது யார்?’ எதிர்பார்த்ததுதான். க் போட்டுவிட்டு மறுபடி ஓட்டினாள்.

சங்கரநயினாரின் மற்ற பிழைகளால் பாதகமில்லை என்று அவளுக்குத் தெரியும். தவறாக எழுதியிருந்தாலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தவறாகத்தான் எழுதியிருந்தாள். நிரல் நேராக முடிவுக்குப் போக வேண்டும்.

போகவில்லை. இரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பதினொன்றாவது வரியில் நின்றது.

‘அலுவலர்க்குடியிருப்பின் வால்வை அடை. அலுவலர்க்குடியிருப்பு: இது யார்?’

மற்ற இடங்களில் எல்லாம் அலுவலர்குடியிருப்பு என்று இருந்தது. இந்த ஒரு வரியில் மட்டும் வேண்டாத இடத்தில், சங்கரநயினாரின் பட்டியலிலும் இல்லாத ஒரு க்.  அடைக்கச் சொன்ன பெயரில் ஊரில் வால்வே கிடையாது. அதனால் எதுவும் அடைபடாது. ஆனால் அடுத்த வரியில் இழப்போர் பெயர் சரியாக இருந்தது. அதனால் அடைத்ததாக எண் மட்டும் ஏறும். எழுபத்தாறு நாள் இழந்ததாகத் தாளில் இருக்கும், ஒரு நாளும் இழந்திருக்காது.

அலுவலர்குடியிருப்பில் அறுபது வீடுகள். பொறியாளர்கள், நகராட்சிக்காரர்கள், ஆணையர் எல்லாரும் அங்கேதான். நான்காவது வரிசையில் மூன்றாவது வீடு எப்சிபாவுடையது.

வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். பூங்காவுக்குப் பின்னால் வால்வுக் குழி. மூடியின் மேல் புல் அடர்ந்து வளர்ந்திருந்தது. நெம்பித் தூக்கினாள். எண்காட்டியின்மேல், ஆலையிலிருந்து வந்தபோது ஒட்டியிருந்த நீல நிற பிளாஸ்டிக் தாள் இன்னும் உரிக்கப்படாமல் இருந்தது. நகத்தால் கிழித்தாள். 0.

ஆறு வருடத்தில் எழுபத்தாறு காலைகள். இன்று உங்கள் பகுதிக்குத் தண்ணீர் இல்லை என்று அவள் போனுக்கும் தகவல் வந்திருக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியிருக்கிறது. மாடித் தொட்டியில் மிச்சம் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு குளித்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அறுபது வீட்டில் ஒருவரும் வியாழக்கிழமை வந்து, எங்களுக்கு ஏன் தண்ணீர் வருகிறது என்று கேட்டதில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பினாள். வேண்டாத க்-ஐ எடுத்தாள். இனிமேல் இழப்பைப் பெயரை வைத்து எண்ண வேண்டாம், வால்வு எத்தனை முறை மூடியதோ அதை வைத்து எண்ணு என்று எழுதினாள். பழைய எண் எதையும் அழிக்கவில்லை. மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்தில், ‘இரண்டு பெயர்களைத் தவறாக எழுதியிருந்தேன். ஒன்று என் தெரு. குழிகளைத் திறந்து பார்க்கவில்லை’ என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். ஆணையரின் கையெழுத்துக்கு உரிய இடத்தை வெறுமையாகவே விட்டாள். அதற்காக வேலை போகலாம். போகட்டும் என்று இருந்தது. நிரல் இந்த முறை கடைசி வரிவரை ஓடியது. திங்கட்கிழமை ஓடுவதற்கு அதையே ஏற்றிவைத்தாள்.

திங்கட்கிழமை தண்ணீர் போதாத நாள். காலை ஆறரைக்குப் போன் அடித்தது.

“எப்சிபா, எங்க வீட்ல தண்ணி வரல” என்றார் ஆணையர்.

“ஆமா மேடம். எங்க வீட்லயும் வரல.”

“மோட்டார் எதுவும்...”

“மோட்டார் நல்லாத்தான் இருக்கு. நம்ம வால்வை அடைச்சிருக்கு. ஆறு வருசத்துல இன்னைக்குத்தான் முதல் தடவை.”

 அந்தப் பக்கம் யாரோ வாளியை உருட்டுகிற சத்தம் கேட்டது.

“நான் என்ன சொன்னேன், நீங்க என்ன செஞ்சிருக்கீங்க?”

“நீங்க சொன்னதையும் எழுதிப் பாத்தேன் மேடம். இப்ப அது ஓடாது. யாருமில்லைன்னு எழுதினா, இது யாருன்னு கேக்குது.”

“எத்தனை நாளைக்கு இப்படி?”

“பத்தாத நாளா எண்ணினா எண்பது. நாலு மாசம் ஆகும்.”

“அறுபது வீட்டுக்கும் நான் என்ன பதில் சொல்றது?”

“நீங்க எதுக்கு மேடம் சொல்லணும்? அது என் வேலை” என்றாள் எப்சிபா. “வியாழக்கிழமை பத்து மணிக்கு எல்லாரையும் வரச் சொல்லுங்க. நீங்களும் வாங்க. வரிவரியாக் காட்டுதேன்.”